கோப்பெனிக்கில் நின்றுகொண்டு ஒரு மேட்ச்: யூனியன் பெர்லின் டிக்கெட்டுக்கு அலைவது தகுமா?

நல்ல கால்பந்து பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் உங்கள் ஆசை என்றால் இந்த டிக்கெட்டுக்காக அலையாதீர்கள். ஜெர்மனியின் முதல் டிவிஷன் கால்பந்துக் கிளப்பான யூனியன் பெர்லின் ஆடுகிற ஆட்டம் பெரும்பாலான நாட்களில் அழகாக இருக்காது. பின்னால் மூன்று பேர், இரண்டு ஓரத்திலும் மூச்சு வாங்க ஓடும் இரண்டு பேர், பந்து கிடைத்ததும் நீளமாக ஓர் உதை, அதைத் துரத்த ஒரு முரட்டு ஃபார்வர்ட், அவ்வளவுதான். நான் கடைசியாகப் போன மேட்ச் கோலே இல்லாமல் முடிந்தது. ஆனாலும் பெர்லினுக்கு வருகிற நண்பர்கள் எந்த மேட்சுக்குப் போகலாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்கிறேன், அப்புறம் டிக்கெட் கிடைக்காமல் அவர்கள் என்னைத் திட்டுவதும் வழக்கமாகிவிட்டது. அதனால் தெரிந்ததையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

மைதானத்தின் பெயர் ஆல்டே ஃபோர்ஸ்டரை. நகரின் தென்கிழக்கில், பழைய கிழக்கு ஜெர்மனிப் பக்கம், கோப்பெனிக் பகுதியில் இருக்கிறது. எஸ்3 ரயிலில் கோப்பெனிக் நிலையத்தில் இறங்கிவிட்டால் யாரிடமும் வழி கேட்க வேண்டாம், சிவப்பு வெள்ளை மஃப்ளர் போட்ட கூட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நடந்தால் போதும். கடைசிக் கொஞ்ச தூரம் மரங்களுக்கு நடுவே. கையில் பியர் பாட்டில் இல்லாதவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலி பாட்டில்களைச் சேர்த்துக் கடையில் கொடுத்து டெபாசிட் காசு வாங்குபவர்கள் வண்டியோடு நிற்பார்கள், பாட்டிலை வீசாமல் அவர்கள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவதுதான் மரியாதை. மழை பெய்திருந்தால் சேறாக இருக்கும். வெள்ளை ஷூ வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மொத்தம் 22,012 பேர் கொள்ளும் மைதானத்தில் நாற்காலி 3,617தான். மீதி எல்லாம் நிற்கிற இடம். மூன்று பக்கமும் கான்கிரீட் படிகள், இடையிடையே சாய்ந்துகொள்ள இரும்புக் கம்பி, தலைக்கு மேல் கூரை. நாற்காலி இருக்கும் ஒரே பக்கம் 2013இல் முடிந்த பெரிய ஸ்டாண்டு. வெளியிலிருந்து பார்த்தால் பழைய ஃபாக்டரி கட்டடம் மாதிரி செங்கல் முகப்போடு இருக்கும். வேண்டுமென்றேதான் அப்படிக் கட்டியிருக்கிறார்கள், ஏனென்றால் இது உலோகத் தொழிலாளர்களின் கிளப் என்று பெயர் வாங்கியது, பக்கத்து ஓபர்ஷோனவைடே வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் கேபிளும் மின்சாதனமும் செய்த ஆலைகள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாற்காலி டிக்கெட்தான் சரி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே உட்கார்ந்து எதிரில் இருக்கும் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால், நாம் ஏன் அங்கே இல்லை என்று பாதி நேரம் மனசு அலையும். நிற்கும் டிக்கெட் எனக்கு இருபது யூரோவுக்குள்ளேதான் ஆனது. இங்கிலாந்தில் பெரிய கிளப் மேட்சுக்கு என்ன கேட்பார்கள் என்று தெரிந்தவர்கள் இந்த விலையை நம்பவே மாட்டார்கள்.

எங்கே நிற்பது என்பதில் ஒரு யோசனை. கோலுக்குப் பின்னால் இருக்கும் வால்ட்சைட்டே பக்கம் அல்ட்ராக்கள், அதாவது ஆட்டம் முழுக்கப் பாடிக்கொண்டே இருக்கும் தீவிர ரசிகர்கள், நிற்கும் இடம், அங்கே கொடி மறைக்கும், பாட்டு தெரியாமல் சும்மா நின்றால் நமக்கே கூச்சமாக இருக்கும். முதல் தடவை போகிறவர்கள் பெரிய ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் நீளமான கேகன்கெராடே பக்கம் வாங்குங்கள். ஆட்டமும் தெரியும், பக்கத்தில் நிற்பவர்களோடு பேசவும் முடியும், ஒரு மூலையில் இருக்கும் சின்ன வீடு மாதிரியான பழைய ஸ்கோர் பலகையும் கண்ணில் படும். கோல் விழுந்தால் உள்ளே இருக்கும் ஆள் கையாலேயே நம்பர் பலகையை மாற்றுவார். பெரிய மின்திரை வந்த பிறகும் அதை எடுக்கவில்லை.

பேச முடியும் என்று சொன்னேன் அல்லவா, இந்த டிக்கெட்டில் எனக்குப் பிடித்ததே அதுதான். நிற்கிற பகுதியில் உங்களுக்கென்று நம்பர் போட்ட இடம் கிடையாது, முதலில் வந்தவர் நிற்கலாம். ஆனால் முப்பது நாற்பது வருடமாக வருபவர்களுக்கு ‘அவர்கள் படி’ என்று ஒன்று இருக்கிறது, எந்தக் காகிதத்திலும் எழுதாத உரிமை. நான் வழக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டு பேர் எப்போதும் இருப்பார்கள். ஒருவர் கேபிள் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். இன்னொருவர் கோப்பெனிக்கிலேயே நர்ஸாக இருந்த ஓர் அம்மா, அவரை விடப் பத்து வயது சின்னவராக இருப்பார். கணவன் மனைவி இல்லை, உறவும் இல்லை, ஒரே கம்பியில் சாய்ந்து பழக்கம், அவ்வளவுதான். எதைப் பற்றிப் பேசினாலும் இருவருக்கும் ஒத்துப்போகாது.

பெரியவர் சின்னப் பையனாக இருந்தபோது 1968இல் யூனியன் கிழக்கு ஜெர்மனிக் கோப்பையை வென்றது, இறுதி ஆட்டத்தில் யேனா அணியை 2-1 என்று தோற்கடித்து. ஐரோப்பியப் போட்டியில் ஆடத் தகுதி வந்தது, ஆனால் அந்த ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் படைகள் புகுந்ததும் போட்டி அட்டவணையே அரசியலாகி, ஆடாமலேயே விலக வேண்டியதாயிற்று. அதன் பிறகு பல வருடம் கோப்பை என்ற பேச்சே இல்லை. நகரத்தின் இன்னொரு அணி பெ.எஃப்.ட்சே. டைனமோ, உளவுத்துறைத் தலைவர் எரிஷ் மில்கேவின் செல்லப்பிள்ளை, 1979 முதல் 1988 வரை தொடர்ந்து பத்து வருடம் சாம்பியன். யூனியனோ மேலும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எதிரணி வீரர்கள் ஃப்ரீ கிக்குக்குச் சுவர் கட்டி நிற்கும்போது “சுவரை அகற்று” என்று இங்கே கத்துவார்கள் என்பது ஜெர்மனி முழுக்கத் தெரிந்த கதை, பெர்லின் நடுவே நிஜச் சுவர் நின்ற காலத்தில் அதைக் கத்த ஒரு துணிச்சல் வேண்டும்தான். பெரியவர் அதைக் கத்தியிருக்கிறார். ஆனால் இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படும் அளவுக்கு எல்லாரும் புரட்சிக்காரர்கள் இல்லை என்பார். பியர் குடிக்க, அணியைப் பார்க்க, மில்கேவின் ஆட்களைக் கொஞ்சம் எரிச்சல்படுத்த வந்தோம், திங்கட்கிழமை காலை எல்லாரும் ஒழுங்காக ஷிஃப்டுக்குப் போய்விட்டோம் என்று சொல்லிச் சிரிப்பார். கிளப்பைப் பற்றி எழுதப்படும் காவியங்களைவிட இந்தப் பேச்சை நான் அதிகம் நம்புகிறேன்.

சுவர் விழுந்த பிறகு, 1990 ஜனவரியில் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் மேற்கு பெர்லின் அணி ஹெர்தாவோடு ஒரு நட்பு ஆட்டம் நடந்தது, ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள், இரண்டு அணி ரசிகர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்த நட்பு அப்புறம் மெல்ல மெல்ல ஆறிப்போய், இப்போது ஹெர்தாவின் நீல மஃப்ளரோடு இந்தப் பக்கம் வருவது உசிதமில்லை. அதை விடுங்கள். தொண்ணூறுகள் யூனியனுக்கு நாறிப்போன காலம். 1993இல் வங்கி உத்தரவாதக் கடிதம் போலி என்று தெரியவந்து, மேலே போகும் வாய்ப்பு பறிபோனது. 1997இல் கிளப் கிட்டத்தட்டத் திவால், ரசிகர்கள் பிராண்டன்புர்க் வாசல் வழியாக ஊர்வலம் போனார்கள். இங்கே நர்ஸ் அம்மா குறுக்கிடுவார்: ஊர்வலத்தில் தானும் போனதாகவும், வேடிக்கை பார்த்தவர்கள் எந்தக் கட்சி என்று கேட்டதாகவும்.

2001இல் மூன்றாவது டிவிஷனில் இருந்துகொண்டே ஜெர்மன் கோப்பை இறுதி வரை வந்து ஷால்கேவிடம் 0-2 தோற்றார்கள், அதே வருடம் இரண்டாவது டிவிஷனுக்கும் ஏறினார்கள். மூன்றே வருடத்தில் திரும்ப இறங்கினார்கள். 2004இல் லைசென்ஸ் வாங்கக் கிட்டத்தட்ட 15 லட்சம் யூரோ இருப்பு காட்டச் சொன்னது ஜெர்மன் கால்பந்துச் சங்கம். கையில் காசு இல்லை. அப்போதுதான் அந்த ரத்ததானம். பெர்லினில் ரத்தம் கொடுத்தால் சின்னத் தொகை ஒன்று தருவார்கள், அதை அப்படியே கிளப்புக்குக் கொடுங்கள் என்று ரசிகர்கள் கிளம்பினார்கள். மற்ற நன்கொடைகளும் சேர்ந்து லைசென்ஸ் கிடைத்தது. நர்ஸ் அம்மா வாழ்க்கை முழுக்க மற்றவர்களிடம் ரத்தம் எடுத்தவர், தான் கொடுத்தது அப்போதுதான் முதல் தடவையாம். இன்றைக்கு இந்தப் படியில் நிற்பவர்களில் ‘நானும் கொடுத்தேன்’ என்று சொல்கிற எல்லாரும் உண்மையிலேயே கொடுத்திருந்தால் பெர்லின் ஆஸ்பத்திரிகளில் பத்து வருடத்துக்கு ரத்தத் தட்டுப்பாடே வந்திருக்காது என்றும் அவரே சொல்வார்.

அத்தனையும் செய்து காப்பாற்றிய அணி அடுத்த வருடமே நாலாவது டிவிஷனுக்கு இறங்கியது என்பதுதான் கொடுமை. பெரியவரைக் கேட்டால் அந்த 2005-06தான் தன் வாழ்க்கையின் நல்ல சீசன் என்பார். காரணம், அங்கே பழைய எதிரி டைனமோவும் இருந்தது, ஆகஸ்டில் இந்த மைதானத்தில் அவர்களை 8-0 என்று நசுக்கினார்கள். பத்து வருட சாம்பியன்ஷிப்புக்கு ஒரு சாயங்காலத்தில் வட்டி வாங்கியாயிற்று என்பது அவர் கணக்கு. அம்மாவுக்கு இந்தப் பேச்சே ஆகாது. ஒரு எட்டு கோலை வைத்துக்கொண்டு அந்த வருடத்தையே பொன்னாக்குகிறார், மழையில் ஊர் பேர் தெரியாத மைதானங்களில் நின்றதையும், படிகளில் புல் முளைத்துக் கிடந்ததையும், அடுத்த சீசனில் கிளப் இருக்குமா என்று தெரியாமல் தூங்கப்போனதையும் சௌகரியமாக மறந்துவிட்டார் என்று என்னிடம் முறையிடுவார். கெட்ட காலத்தில் கூட இருந்தோம் என்று சொல்லிக்கொள்வது வேறு, அந்தக் காலத்தைத் திரும்பக் கேட்பது வேறு என்பதில் நான் அம்மா கட்சி.

இந்தப் படிகளைப் பற்றியே தனியாக ஒரு பத்தி எழுத வேண்டும், ஏனென்றால் நீங்கள் டிக்கெட் வாங்குவது இதன் மேல் நிற்கத்தான். 2008 வாக்கில் பழைய மைதானம் இடிந்துபோய், மேல் டிவிஷன்களில் ஆடவே அனுமதி கிடைக்காது என்ற நிலை. கட்டப் பணமில்லை. ரசிகர்களே கட்டினார்கள். 2,000க்கும் மேற்பட்டவர்கள், மொத்தம் 1,40,000 மணி நேர வேலை, கூலி கிடையாது. கொத்தனாரும் வெல்டரும் கொஞ்சம் பேர், மீதிப் பேர் ஆபீஸ் வேலைக்காரர்கள், மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள். லீவு போட்டுவிட்டு வந்து மண் சுமந்தார்கள், கம்பி வளைத்தார்கள், கான்கிரீட் ஊற்றினார்கள். அந்த ஒரு சீசன் முழுக்க அணி வேறு இடத்தில் ஆட வேண்டியிருந்தது, கிடைத்த இடம் யான் ஸ்போர்ட்பார்க், டைனமோ தன் பெருமைக் காலத்தில் ஆடிய மைதானம். எதிரி வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டே மூன்றாவது டிவிஷனை வென்று இரண்டாவதுக்கு ஏறிவிட்டார்கள், 2009 ஜூலையில் தாங்கள் கட்டிய வீட்டுக்குத் திரும்பினார்கள். வெளியே, வேலை செய்தவர்களின் பெயர்கள் பொறித்த ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது, உச்சியில் சிவப்பு நிற ஹெல்மெட். மேட்சுக்கு முன்னால் அங்கே போய்ப் பாருங்கள், யாராவது ஒரு தாத்தா பேரனுக்குத் தன் பெயரைத் தேடிக் காட்டிக்கொண்டிருப்பார்.

நான் நிற்கும் இடத்திலிருந்து சில படி கீழே, தான் ஊற்றியது என்று பெரியவர் ஓர் இடத்தைக் காட்டுவார். கொஞ்சம் மேடு பள்ளமாகத்தான் இருக்கிறது. அதில் தண்ணீர் தேங்குவதை அம்மா விடாமல் சுட்டிக்காட்டுவார்.

2011இல் மைதானத்தின் பங்குகளை உறுப்பினர்களுக்கு விற்றார்கள், ஒரு பங்கு 500 யூரோ. “எங்கள் ஆன்மாவை விற்கிறோம், ஆனால் எல்லாருக்கும் அல்ல” என்று விளம்பரம். கெட்டிக்கார வாசகம், எனக்குக் கொஞ்சம் அதிகக் கெட்டிக்காரத்தனமாகவே படுகிறது. ஏழைக் கிளப் என்ற பெயரையே இவர்கள் நன்றாக விற்கத் தெரிந்துகொண்டார்கள் என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. மேட்ச் நாளில் கடையில் டீ-ஷர்ட் வாங்க நிற்கும் வரிசையைப் பார்த்தால் உங்களுக்கும் வரும். ஆனால் மைதானத்தின் பெயர் இன்னும் எந்தக் கம்பெனிக்கும் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வெற்றிக் காலத்துக்கு வருவோம், எனக்கு இங்கே அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். 2019 மே 27, மேலே ஏறுவது யார் என்று தீர்மானிக்கும் இரண்டு ஆட்டங்களின் முடிவில், ஸ்டுட்கார்ட்டில் 2-2, இங்கே 0-0, வெளியூரில் அதிக கோல் அடித்த கணக்கில் யூனியன் முதல் டிவிஷனுக்கு ஏறியது. ஸ்டுட்கார்ட் அடித்த ஒரு ஃப்ரீ கிக் கோலை வீடியோ நடுவர் ஆஃப்சைடு என்று தள்ளாமல் இருந்திருந்தால் கதையே வேறு. அந்த ஆகஸ்டில் லைப்ஸிக்கோடு பூண்டஸ்லிகாவில், அதாவது முதல் டிவிஷனில், முதல் ஆட்டம். ஆட்டம் தொடங்கும் முன், இந்த நாளைப் பார்க்காமலே இறந்துபோன யூனியன்காரர்களின் படங்களைப் பெரிதாக அச்சடித்து ரசிகர்கள் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள், 455 முகங்கள். அம்மா தன் அப்பாவின் படத்தைப் பிடித்திருந்தாராம். அதற்கப்புறம், குளிர்பான நிறுவனம் வளர்த்த லைப்ஸிக் கிளப்பை எதிர்த்து முதல் கால் மணி நேரம் மைதானமே பேசாமல் நின்றது. ஆட்டத்தில் 0-4 என்று உதை வாங்கினார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒரு கோல் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். நல்லவேளை அந்த அணி அவ்வளவு நன்றாக ஆடவில்லை என்றார் பெரியவர்.

அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பயிற்சியாளர் உர்ஸ் ஃபிஷர், சுவிட்சர்லாந்துக்காரர், அதிகம் பேசாத மனிதர். முதல் சீசனில் 11ஆவது இடம், அப்புறம் 7, அப்புறம் 5, 2023இல் 4. ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்! அதே வருடம் ஹெர்தா இரண்டாவது டிவிஷனுக்கு இறங்கியது, கோப்பெனிக் மதுக்கடைகளில் அந்த மே மாதம் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் இங்கே நடக்கவில்லை. ஹெர்தாவின் வீடான ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குப் போனார்கள், அங்கே எழுபதாயிரத்துக்கு மேல் இடம் இருக்கிறது, உறுப்பினர்கள் எல்லாருக்கும் டிக்கெட் கிடைக்க வேண்டும் என்பது நிர்வாகம் சொன்ன காரணம். முந்தைய சீசன், அதற்கு அடுத்த நிலை ஐரோப்பியப் போட்டியான யூரோப்பா லீகை இதே படிகளில் நின்று பார்த்தவர்களுக்கு இது உறுத்தியது. பெரியவர் அங்கே ஒரு ஆட்டத்துக்குக் கூடப் போகவில்லை. நாம் கையால் கட்டிய வீட்டை விட்டுவிட்டு, விருந்தாளி வருகிறார் என்று ஹோட்டலில் ரூம் போட்டது மாதிரி என்று கோபம். அம்மா எல்லா ஆட்டத்துக்கும் போனார், ரியல் மாட்ரிட்டைப் பார்த்தார், 2-3 தோற்றதைப் பார்த்து அழுதார், சந்தோஷத்தில்தானாம். ரத்தம் கொடுத்தவளுக்கு மாட்ரிட்டைப் பார்க்கிற பாக்கியம் வேண்டாமா, டிக்கெட் கிடைக்காத பல்லாயிரம் உறுப்பினர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள் என்பது அவர் வாதம். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இந்த விஷயத்தில் நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

அந்த இலையுதிர்காலம் லீகில் தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்றார்கள், நவம்பரில் ஃபிஷர் விலகினார். இங்கே எழுதாத சில விதிகள் உண்டு: சொந்த வீரரைக் கூவி அவமானப்படுத்தக் கூடாது, விசில் ஊதும் முன் கிளம்பக் கூடாது. ஆட்டத்துக்கு முன் அணி அறிவிக்கும்போது ஒவ்வொரு வீரர் பெயருக்குப் பின்னாலும் மைதானமே ‘கால்பந்துக் கடவுள்’ என்று கத்தும், நேற்று வந்த ரிசர்வ் பையன் பெயருக்கும் அதே சத்தம்தான். அந்தத் தோல்வி வரிசையிலும் அது குறையவில்லை. 2024 மே மாதக் கடைசி ஆட்டத்தில், ஃப்ரைபுர்க்குக்கு எதிராக, தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் கிடைத்த பெனால்டியைக் கோல் கீப்பர் தடுக்க, திரும்பி வந்த பந்தை யானிக் ஹாபெரர் உள்ளே தள்ளி 2-1, டிவிஷன் தப்பியது. சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதி பெற்ற நாளில் எழுந்ததை விட இந்த 15ஆவது இடத்துக்கு எழுந்த சத்தம் பெரிது என்று இருவரும், அதிசயமாக, ஒரே குரலில் சொல்கிறார்கள்.

எல்லாம் தேன் என்று நினைக்க வேண்டாம். அதே வருடம் டிசம்பரில் போஹும் நகர அணியோடு ஆடும்போது பார்வையாளர் ஒருவர் வீசிய லைட்டர் எதிரணி கோல் கீப்பர் பாட்ரிக் ட்ரேவெஸ் தலையில் பட்டது. 1-1 என்று முடிந்த ஆட்டத்தைப் போஹும் அணி 2-0 என்று வென்றதாகத் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு நியாயமா என்று இந்தப் படியில் இன்னும் சண்டை போடுகிறார்கள், எனக்கு அதில் சண்டை போட ஒன்றுமே இல்லை.

வெற்றியால் வந்த உண்மையான சிக்கல் டிக்கெட்தான், இதில் என் மாதிரிப் புதியவர்களும் கட்சிக்காரர்கள். உறுப்பினர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, மைதானம் வளரவில்லை. ஏறத்தாழ நாற்பதாயிரம் பேருக்கு விரிவாக்கும் திட்டத்தை 2024இல் அறிவித்தார்கள், அதுவரை இந்த 22,012க்குள்தான் அடிதடி. நம்பர் இல்லாத இடம் என்பதால், கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இடம் பிடிப்பது போல, பெரியவர் இப்போது தன் படியில் நிற்க இரண்டு மணி நேரம் முன்னாடியே வருகிறார். நாலாவது டிவிஷனில் ஆட்டம் தொடங்கின பிறகு வந்தாலும் அந்த இடம் காலியாக இருந்ததாம். நான் சீக்கிரம் போகிற நாட்களில் அந்த இடத்தை அவருக்காகப் பிடித்துவைக்கிறேன், பதிலுக்கு அவர் பியர் வாங்கித் தருகிறார். புதியவர்களை இங்கே முறைத்துப் பார்ப்பதில்லை, ஆனால் கவனிக்கிறார்கள். ஆட்டம் நடக்கும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு செல்ஃபி எடுத்தால் யாராவது தோளைத் தட்டுவார்கள்.

டிக்கெட் வாங்கும் வழி: முதல் டிவிஷன் ஆட்டங்களின் டிக்கெட் அநேகமாக உறுப்பினர்களுக்கே தீர்ந்துவிடும். சுற்றுலாவாக வருபவர்கள் உறுப்பினரான நண்பர் ஒருவரைப் பிடிப்பதுதான் நடக்கக்கூடிய வழி. வர முடியாத உறுப்பினர்கள் தங்கள் டிக்கெட்டை அடக்க விலைக்கே திருப்பி விற்கக் கிளப்பின் இணையதளத்தில் இடம் இருக்கிறது, மேட்சுக்கு முந்தைய நாட்களில் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றிரண்டு சிக்கும். வெளியே நாலு மடங்கு விலைக்கு விற்கும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். பெர்லினில் ஏதாவது ஒரு பெரிய மைதானத்தில் ஒரு மேட்ச் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ஹெர்தா இருக்கிறது, அங்கே இடப் பஞ்சம் கிடையாது.

சாப்பாடு: சுட்ட சாசேஜ், ரொட்டி, கடுகு, பியர். சாசேஜ் பெரும்பாலும் பன்றி இறைச்சி, வேண்டாதவர்கள் கேட்டு வாங்குங்கள். சைவக்காரர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருவது உத்தமம். பியர் கப்புக்கு டெபாசிட் உண்டு, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குளிர்காலத்தில் கான்கிரீட்டிலிருந்து குளிர் காலில் ஏறும், இரண்டு ஜோடி சாக்ஸ் போடுங்கள், தடித்த அட்டை ஒன்றைக் காலுக்கடியில் போட்டு நிற்கும் பழைய ஆட்களையும் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் சிகரெட் பிடிப்பார்கள். சின்னக் குழந்தைகளோடு வருபவர்கள் கோலுக்குப் பின்னால் நிற்க வேண்டாம். ஜெர்மன் தெரியாவிட்டால் பரவாயில்லை, மைதானத்தின் ஒரு பக்கம் “ஐசர்ன்” (இரும்பு) என்று கத்தும், மறுபக்கம் “உனியோன்” என்று கத்தும், நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும்.

டிசம்பர் 23ஆம் தேதி கிறிஸ்துமஸ் பாட்டு நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2003இல் அணி தோற்றுத் தோற்று நொந்துபோயிருந்த நேரத்தில் 89 ரசிகர்கள் பூட்டிய மைதானத்துக்குள் நுழைந்து மெழுகுவர்த்தி ஏற்றிப் பாடியதில் தொடங்கியது. இப்போது புல்தரையிலும் ஆட்களை நிறுத்தி 28,500 பேர், அதற்கும் டிக்கெட் சண்டைதான். அந்த 89 பேரில் ஒருவர் என்று சொல்லிக்கொள்ளும் ஆட்களை மட்டுமே சேர்த்தால் பாதி மைதானம் நிரம்பும் என்று யார் சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

எதுவும் கிடைக்கவில்லையா, பெண்கள் அணி இருக்கிறது. 2025இல் அவர்களும் முதல் டிவிஷனுக்கு ஏறிவிட்டார்கள், இதே மைதானத்தில்தான் ஆடுகிறார்கள், டிக்கெட்டுக்குக் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை, படியில் வேண்டிய இடத்தில் நிற்கலாம். நாலாவது டிவிஷன் காலத்துக்கு ஏங்குகிற பெரியவர் இப்போது அங்கேயும் வர ஆரம்பித்திருக்கிறார், இங்கே தாராளமாக நிற்க முடிகிறது என்கிறார். நானும் அடுத்த மாதம் அதற்குத்தான் போகிறேன், அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.